உணவும் தோலின் எண்ணெய்ப் பசையும்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, தொழிலின் பொருட்டு டில்லி, கான்பூர், போபால் முதலிய வடபுலத்து நகரங்களில் குடியேறும் குடும்பத்தினர், முதற் குளிர்காலத்திலேயே தம் உடம்பில் ஒரு மாறுதலைக் காண்கின்றனர். கார்த்திகை பிறந்து சில நாட்களுக்குள் கைகால்களின் தோல் வெளிறுகிறது. நகத்தால் கீறினால் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளைக் கோடு விழுகிறது. உதடு வெடிக்கிறது; குதிகால் பிளக்கிறது; குழந்தைகளின் கன்னம் சொரசொரப்பாகிறது. அண்டை வீட்டார் கடுகெண்ணெயைத் தடவச் சொல்கின்றனர். ஊரிலிருக்கும் பாட்டியோ, எண்ணெய்க் குளியலை விட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார். கடைக்காரர் புட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறார். இவர்கள் யாவரும் கூறுவது தோலின் மேற்புறத்திற்குச் செய்யவேண்டிய உபசாரத்தைப் பற்றியே. தோலுக்கு வேண்டிய எண்ணெய்ப் பசை உள்ளிருந்தும் சுரக்கிறது என்பதையும், அதன் ஒரு பகுதி நமது அடுக்களையிலிருந்தே அதற்குப் போய்ச் சேருகிறது என்பதையும் நினைப்பவர் சிலரே. நாம் உண்பது தோலின் எண்ணெயை எவ்வளவு மாற்றும், எவ்வளவு மாற்றாது என்பதை நேயர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோலில் இருவகை எண்ணெய்கள் உள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒன்று, மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் வெளியிடும் எண்ணெய். முகத்திலும் தலையிலும் இச்சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றேனும் இல்லை. இவை செயற்படும் விதம் வியப்புக்குரியது. வியர்வைச் சுரப்பி நீரைக் கசியவிட்டுத் தான் அப்படியே நிற்கிறது. எண்ணெய்ச் சுரப்பியின் உயிரணுவோ, தனக்குள் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டு பருத்து, முடிவில் தானே வெடித்து, தன் உடலையும் எண்ணெயோடு சேர்த்து வெளியேற்றிவிடுகிறது. ஓர் அணு தோன்றி, முதிர்ந்து, இவ்வாறு தன்னைக் கரைத்துக்கொள்வதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன.

இந்த எண்ணெயைப் பகுத்துப் பார்த்தால், 100 பங்கில் ஏறக்குறைய 57 பங்கு சமையல் எண்ணெயைப் போன்ற கொழுப்பும், அதிலிருந்து பிரிந்த கொழுப்பமிலங்களுமாகும். சுமார் 26 பங்கு மெழுகு. சுமார் 12 பங்கு ஸ்குவாலீன் என்னும் பொருள். சுறா மீனின் ஈரல் எண்ணெயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. எஞ்சியது கொலஸ்டிராலும் அதைச் சார்ந்தவையும். மனிதத் தோலின் எண்ணெயில் மிகுதியாகக் காணப்படும் கொழுப்பமிலம் ஒன்று மற்றப் பிராணிகளின் தோலில் இவ்வாறு மிகுந்து காணப்படுவதில்லை. ஆதலால், மனித இனத்திற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரைக் கொண்டே அதற்குச் சேப்பியெனிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

மற்றொரு வகை எண்ணெய் சுரப்பியிலிருந்து வருவதன்று. தோலின் மேலடுக்கு, காகிதத்தைவிட மெல்லியது. அதில் உலர்ந்து தட்டையான அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல, இவ்வணுக்களுக்கு இடையே ஒருவகைக் கொழுப்புப் பூச்சு உள்ளது. அதில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்னும் பொருள், கால்பங்கு கொலஸ்டிரால், மீதத்தின் பெரும்பகுதி கொழுப்பமிலங்கள். சுரப்பியின் எண்ணெய் தோலுக்கு மெருகு தருகிறது. இந்தச் சாந்தோ, உடம்பின் நீர் ஆவியாகிப் போகாமலும் வெளியிலுள்ள கிருமிகளும் நஞ்சும் உள்ளே புகாமலும் காக்கிறது. மெருகு குறைந்தால் அழகு குறையும். சாந்து கெட்டால் சுவரே ஒழுகத் தொடங்கும்.

இந்தச் சாந்துக்கும் உணவுக்கும் உள்ள உறவு ஓர் எலிக்கூண்டிலிருந்து வெளிப்பட்டது. அமெரிக்காவின் மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதிகள், 1929 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அக்காலத்து அறிஞர் பலர், கொழுப்பு என்பது உடம்புக்கு வெறும் விறகு போன்றது, அதன் இடத்தில் சர்க்கரையைக் கொடுத்தாலும் குறைவில்லை என்று எண்ணியிருந்தனர். பர் தம்பதிகள் இளம் எலிகளுக்குச் சர்க்கரை, பாலின் புரதம், உப்புக்கள், வைட்டமின்கள் ஆகிய யாவற்றையும் கொடுத்து, கொழுப்பை மட்டும் முற்றிலும் நீக்கினர். சில மாதங்களில் எலிகளின் வால் செதிள் செதிளாக உரிந்தது, பாதம் சிவந்து தடித்தது, மயிர் உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது. அவை வழக்கத்திற்கு மேல் நீரைக் குடித்தன. குடித்த நீர் தோலின் வழியாகக் கசிந்து ஆவியாகிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். சாகும் நிலையிலிருந்த எலிகளுக்குத் தகுந்த எண்ணெய் சில துளிகள் கொடுத்ததும் அவை தேறின. அந்தத் துளிகளில் இருந்த இன்றியமையாப் பொருள் லினோலிக் அமிலம் என்பதை அவர்கள் 1930 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர்.

உடம்பு, சோற்றிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் பலவகைக் கொழுப்பமிலங்களைத் தானே செய்துகொள்ள வல்லது. லினோலிக் அமிலத்தைச் செய்யும் ஆற்றலோ அதற்கு இல்லை. தாவரங்கள் செய்து வித்துக்களில் சேர்த்து வைத்ததை நாம் உண்டுதான் பெறவேண்டும். முன்னர்க் கூறிய செராமைடுகளில் ஒருவகை, தன் நீண்ட வாலின் நுனியில் இந்த லினோலிக் அமிலத்தைப் பிணைத்துக்கொண்டிருக்கிறது. அடுக்குகளை ஒன்றோடொன்று இறுகப் பிடிப்பது அந்தப் பிணைப்பே. உணவில் இவ்வமிலம் இல்லாவிடில், உடம்பு அதன் இடத்தில் தான் செய்துகொள்ளக்கூடிய ஓலிக் அமிலத்தை வைத்துக் கட்டுகிறது. நல்ல சுண்ணாம்பு கிடைக்காத கொத்தனார் களிமண்ணைக் குழைத்துப் பூசுவது போன்றது இது. சுவர் நிற்கும், மழை தாங்காது.

இந்த உண்மை மனிதருக்கும் பொருந்துமா என்னும் கேள்வி எழுந்தது. பர் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வில்லியம் பிரௌன் என்பவர், தாமே பரிசோதனைப் பொருளாக இருக்க முன்வந்தார். கொழுப்பு ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்ட உணவை ஆறு மாதம் உண்டார். 1938 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. அவருடைய இரத்தத்தில் லினோலிக் அமிலம் குறைந்தது. ஆனால் தோலுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. வளர்ந்த மனிதருக்கு இவ்வமிலம் தேவையில்லை என்று சிலர் முடிவு கட்டினர். அம்முடிவு தவறு என்பது பின்னர் விளங்கிற்று. வளர்ந்தவர் உடம்பின் கொழுப்பில் பல ஆண்டுகளாக உண்ட லினோலிக் அமிலம் சேமிப்பாகத் தங்கியிருக்கிறது. வருவாய் நின்றாலும், சேமிப்புள்ளவர் சில காலம் பிழைப்பது போல, அந்தச் சேமிப்பைக் கொண்டு தோல் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

சேமிப்பு இல்லாதவர் யார்? கைக்குழந்தைகளே. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆரில்டு ஹான்சன் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும் 428 குழந்தைகளுக்குப் பலவகைப் பால் கலவைகளைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை 1963 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொழுப்பு நீக்கிய பாலும் சர்க்கரையும் மட்டும் பெற்ற குழந்தைகளுக்குத் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. லினோலிக் அமிலம் உள்ள உணவைக் கொடுத்ததும் அது மறைந்தது. வளர்ந்தவருக்கும் இக்குறை நேரும் என்பதற்குச் சான்று 1970-களில் கிடைத்தது. குடல் கெட்டு, வாயால் உண்ண இயலாதவர்களுக்கு இரத்தக் குழாயின் வழியாகச் சர்க்கரை நீரும் புரதச் சத்தும் செலுத்தும் முறை அப்போது பரவியது. கொழுப்புச் சேராத அந்தத் திரவத்தை இடைவிடாது பெற்ற நோயாளிகள் பலருக்குச் சில வாரங்களிலேயே தோல் செதிளாக உரியலாயிற்று. சர்க்கரை ஓயாமல் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்ததால், உடம்பு தன் கொழுப்புச் சேமிப்பைத் திறக்கவேயில்லை. இக்காரணத்தால் இன்று அத்தகைய நோயாளிகளுக்கு எண்ணெய்க் குழம்பும் சேர்த்தே செலுத்தப்படுகிறது.

இவை வெளிநாட்டு மருத்துவமனைச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. நமது நாட்டிலேயே, ஏழைச் சிறுவர்களின் முழங்கையிலும் முழங்காலிலும் இதே பாடம் நெடுங்காலமாக எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிலரின் முழங்கை, முழங்கால், தொடையின் வெளிப்புறம், பிட்டம் ஆகிய இடங்களில், மயிர்க்கால்கள் அடைபட்டு, முள் முள்ளாகச் சிறு முளைகள் தோன்றும். கையால் தடவினால் தேங்காய் துருவியைத் தொட்டாற்போலிருக்கும். இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர் 1933 ஆம் ஆண்டில் இதற்குத் தேரைத் தோல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில், 1935 முதல் இயக்குநராக விளங்கிய ஆய்க்ராய்டு அவர்களும் அவருடைய துணைவர்களும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது இத்தகைய தோலைக் கண்டு குறித்தனர். அந்த ஆராய்ச்சிக் கூடமே 1958 ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகிறது.

தேரைத் தோலுக்கு வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று முதலில் கருதினர். ஆயினும், தோல் இவ்வாறு கெட்ட பிள்ளைகளுள் பலருக்கு அக்குறையால் கண்ணில் தோன்றும் அடையாளங்கள் காணப்படவில்லை; அந்த வைட்டமினை மட்டும் கொடுத்தால் எல்லோருக்கும் குணம் ஏற்படவுமில்லை. பிற்கால ஆராய்ச்சிகள், லினோலிக் அமிலக் குறைவுக்கும் பி தொகுதியைச் சேர்ந்த வைட்டமின்களின் குறைவுக்கும் இதில் பங்குண்டு என்பதைக் காட்டின. தகுந்த எண்ணெயும் பி வைட்டமின்களும் கொடுத்ததில் இத்தோல் தெளிந்தது மருத்துவர் பலரின் அனுபவம். ஆகவே இது ஒரே சத்தின் குறை அன்று. தீட்டிய அரிசியும் சிறிது குழம்புமாக, எண்ணெய், பருப்பு, கீரை, பால் ஆகிய அனைத்தும் ஒருங்கே குறைந்த தட்டின் குறை எனலாம். தோல் அந்தத் தட்டின் கணக்கை ஒளிக்காமல் எழுதிக் காட்டுகிறது.

இனிச் சுரப்பியின் எண்ணெயைப் பார்ப்போம். முகத்தில் எண்ணெய் வழியும் இளைஞனை நோக்கி, "வடை, பஜ்ஜி தின்பதால்தான் இப்படி" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. வாயில் போன எண்ணெய் அப்படியே முகத்தில் வழிந்துவிடுவதில்லை. சுரப்பி தனக்கு வேண்டிய எண்ணெயின் பெரும்பகுதியைத் தானே சமைத்துக்கொள்கிறது. பருவ வயதில் ஊறும் ஆண்மை இயக்குநீர்களே அதை முடுக்குகின்றன. அவை பெண்களின் உடம்பிலும் சிறிதளவு உண்டு. ஆயினும் அந்தச் சமையலுக்கு வேண்டிய பண்டங்கள் உணவிலிருந்தே வருகின்றன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் போச்சி, டவுனிங், ஸ்ட்ராஸ் ஆகியோர், மருத்துவர் மேற்பார்வையில் நீண்ட பட்டினி கிடந்தவர்களின் தோலை ஆராய்ந்து 1970-லும் 1972-லும் முடிவுகளை வெளியிட்டனர். பட்டினியின்போது எண்ணெய்ச் சுரப்பு நூற்றுக்குச் சுமார் 40 பங்கு குறைந்தது. கொழுப்பும் மெழுகும் குறைந்தன. ஸ்குவாலீன் மட்டும் ஏறக்குறைய முன்போலவே சுரந்தது. உணவு குறைந்தால் எண்ணெயின் அளவு மட்டுமன்று, அதன் சேர்மானமும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பட்டினி கிடவாதவர்க்கு உணவின் வகை மாறினால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், முகப்பரு உள்ள 15 முதல் 25 வயது வரையிலான 43 இளைஞர்களை இரு பிரிவாக்கி 12 வாரம் கவனித்து, 2007-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான உணவை உண்டனர். மற்றப் பிரிவினர், விரைவில் சர்க்கரையாக மாறும் பண்டங்களைக் குறைத்து, முழுத் தானியமும் புரதமும் கூட்டி உண்டனர். இரண்டாம் பிரிவினர்க்குப் பருக்கள் அதிகமாகக் குறைந்தன. 2008-ல் வெளியான மற்றொரு கட்டுரை, அவர்களுடைய தோல் எண்ணெயின் கொழுப்பமில விகிதமும் மாறியிருந்ததையும், அந்த மாறுதல் பரு குறைந்ததோடு தொடர்புற்றிருந்ததையும் எடுத்துக்காட்டியது. எனவே, முகத்தில் வழியும் எண்ணெயைக் குறித்துக் கவலைப்படும் இளைஞர் வடையிலுள்ள எண்ணெயை மட்டும் குறை கூறாமல், இனிப்புப் பானங்களையும் மைதாப் பண்டங்களையும் சற்றுக் கவனித்தல் நன்று.

பி தொகுதியைச் சேர்ந்த ரைபோஃபிளேவின் குறைந்தாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கெடுகின்றன. மூக்கின் இரு ஓரங்களிலும் எண்ணெய்ப் பிசுக்குள்ள செதிள் படிகிறது, கடைவாய் புண்ணாகிறது, நாக்கு சிவந்து எரிகிறது. இச்சத்து பால், தயிர், முட்டை, கீரை, பருப்பு ஆகியவற்றில் உண்டு. வைட்டமின் ஈ என்னும் சத்தோ, சுரப்பியின் எண்ணெயோடு கலந்தே தோலின் மேற்புறத்தை அடைந்து, அங்கே எண்ணெய் சிக்கெடுக்காமல் காக்கிறது. இதுவும் நாம் உண்ணும் வித்துக்களிலிருந்தும் எண்ணெய்களிலிருந்தும் வருவதே.

இனி நமது அடுக்களைக்கு வருவோம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு உண்ணும் உணவு 2000 கலோரி எனக் கொண்டால், அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு லினோலிக் அமிலத்திலிருந்து வந்தால் போதும். அது சுமார் ஐந்தரை கிராம். இனி எண்ணெய்களின் கணக்கைப் பாருங்கள். மகாராஷ்டிரத்திலும் வடகர்நாடகத்திலும் வழங்கும் குசும்பா எண்ணெயில் இவ்வமிலம் 100-க்குச் சுமார் 75 பங்கு. சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 60. நமது நல்லெண்ணெயில் சுமார் 40. தவிட்டெண்ணெயில் சுமார் 33. குஜராத்தில் விரும்பப்படும் கடலை எண்ணெயில் சுமார் 30. வங்காளத்திலும் வடநாட்டிலும் வழங்கும் கடுகெண்ணெயில் சுமார் 15. பாமாயிலில் சுமார் 10. தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் இரண்டு பங்கு அளவே. குசும்பாவிலும் சூரியகாந்தியிலும் ஓலிக் அமிலம் மிகுந்த புதுவகை எண்ணெய்களும் இப்போது உண்டு. அவற்றில் லினோலிக் அமிலம் குறைவு. வாங்குவோர் புட்டியின் மேலுள்ள சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

இக்கணக்கின்படி, ஒரு பெரிய கரண்டி, அதாவது சுமார் 14 கிராம் நல்லெண்ணெய், ஒருவரின் அன்றாடத் தேவையைத் தனியே நிறைவேற்றிவிடும். அப்படியாயின், தேங்காயெண்ணெயிலேயே சமைக்கும் கேரளத்தாரும் கடுகெண்ணெயிலேயே சமைக்கும் வங்காளிகளும் தோல் கெட்டா இருக்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிசி, கோதுமை, கம்பு, பருப்பு, கடலை, எள் ஆகிய ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உண்டு. அதிலும் லினோலிக் அமிலம் உண்டு. பலவகைப் பண்டங்களைக் கலந்து, வயிறார உண்பவர் எந்த மாநிலத்து எண்ணெயைக் கொண்டு சமைத்தாலும் இவ்வமிலத்திற்குப் பஞ்சம் ஏற்படுவதில்லை. ஊர் மாறியதால் எண்ணெய் மாறினும் அஞ்சவேண்டியதில்லை. அதே காரணத்தால், தேவை நிறைவேறியபின் எண்ணெயை மேலும் மேலும் ஊற்றுவதால் தோல் மினுங்கப் போவதுமில்லை. குடம் நிறைந்தபின் ஊற்றிய நீர் வழிந்தே போகும்; எண்ணெயோ வழிந்து போகாமல் இடுப்பில் தங்கும்.

நன்றாக உண்ணும் குடும்பத்தில், வடநாட்டுக் குளிரில் ஏற்படும் வறட்சிக்கு முதற்காரணம் உணவன்று. ஈரமற்ற காற்றும், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீரும், காரமான சோப்புமே. இவை மூன்றும் அந்தச் சாந்தையும் மெருகையும் கரைத்துக் கொண்டுபோகின்றன. வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளித்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவிக்கொள்வது தக்க பரிகாரம். மேலே தடவும் எண்ணெயும் தோலுக்குச் சத்தாக உதவ வல்லது என்பதற்குச் சான்றுண்டு. லினோலிக் அமிலக் குறையால் தோல் கெட்ட நோயாளிகளின் முன்கையில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியதில், அந்த இடத்துத் தோல் இரண்டு வாரத்தில் தெளிந்தது என 1975-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். டாக்காவில் ஒரு குழந்தை மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இதே எண்ணெயைப் பூசியதில், மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் நூற்றுக்கு 41 பங்கு குறைந்தன என 2005-ல் செய்தி வந்தது. அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்த குழந்தைகள் என்பதை மறத்தலாகாது. கடுகெண்ணெயோ, சுண்டெலிகளின் தோலில் தடவியபோது, தோல் தன்னைச் சீர்செய்துகொள்வதைத் தாமதப்படுத்தியது என 2002-ல் கண்டனர். ஆகவே அண்டை வீட்டார் அன்போடு அளிக்கும் கடுகெண்ணெயை அவர்களைப் போல் சமையலுக்குப் பயன்படுத்தலாம். பச்சைக் குழந்தையின் தோலில் தேய்ப்பதற்குமுன் சற்று யோசிப்பது நல்லது.

உண்மையில் ஆபத்துக்கு உள்ளாகிறவர் யார் என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். உடல் இளைக்கவேண்டும் என்று எண்ணெயை அறவே விலக்கிப் பல மாதம் இருப்போர் ஒருசாரார். குடல் நோயால் உண்ட கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியேறுவோர் மற்றொரு சாரார். மூன்றாவது சாரார், தாமாக எதையும் விலக்காமலே எல்லாம் விலக்கப்பட்டவர்கள். தாய்ப்பால் கிட்டாத குழந்தைக்கு மலிவு என்று கருதிக் கொழுப்பு நீக்கிய பாலைக் கரைத்துக் கொடுப்பது பெருந்தவறு. தாய்ப்பாலில் லினோலிக் அமிலம் உண்டு; அதன் அளவும் தாய் உண்ணும் உணவைப் பொறுத்தே அமைகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று எண்ணெயையும் பருப்பையும் மறுக்கும் வீட்டார், குழந்தையின் பங்கையே மறுக்கிறார்கள் என்பதை உணரவேண்டும்.

உணவைத் திருத்துகிறவர்கள் பொறுமையும் கொள்ளவேண்டும். சுரப்பியின் அணு முதிர்வதற்கு இரண்டு மூன்று வாரமும், தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதமும் ஆவதால், இன்று உண்ட எண்ணெய் நாளைக் காலையில் கண்ணாடியில் தெரியாது. ஒரு மாதமேனும் கழிந்த பின்னரே பலனை மதிப்பிடலாம். மூன்று நாளில் முகம் பளபளக்கும் என்று கூறும் விளம்பரத்தை இந்தக் கணக்கைக் கொண்டே எடைபோட்டுவிடலாம்.

நமது வீட்டுப் பிள்ளைகளின் குளிர்கால வறட்சி, தை மாதம் கழிந்து வெயில் ஏறியதும் பெரும்பாலும் தானே மறையும். மறையாத வறட்சி ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியோடு கூட வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் முழங்கையையும், பக்கத்தில் எழும்பும் கட்டடத்தில் நம்மூரிலிருந்து வந்து மண் சுமப்போரின் பிள்ளையின் முழங்காலையும் ஒருமுறை கவனியுங்கள். அங்கே துருவிப் பல் போன்ற முளைகள் கண்டால், அதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் குளிக்கச் சொல்லவேண்டாம். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தள்ளிவிடவும் வேண்டாம். அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்படி அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள். இயன்றால், அப்பிள்ளையின் தட்டில் நாள்தோறும் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்த பருப்பும் கீரையும், ஒரு கிண்ணம் தயிரும் சேர வழி செய்யுங்கள். சில மாதங்களில் அந்த முழங்கை வழவழப்பாகும். அதற்குள் அப்பிள்ளையின் எடையும் சற்றுக் கூடியிருக்கும்.